பத்தாம் மாதத்தின் உபவாசமும் அணைந்துபோன மெழுகுவர்த்தியும்

வாசகர் கேள்வி: நாகர்கோவிலைச் சேர்ந்த நான் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, இஸ்ரேலில் ஹைஃபா நகரில் 86 வயதான யூத அம்மையார் ஒருவரை அவருடைய வீட்டிலேயே தங்கிப் பராமரித்து வருகிறேன். அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. 2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து அவர் எதையும் உண்ண மறுத்துவிட்டார். மாலையில் ஓய்வுநாள் விளக்கை ஏற்றிய பிறகும், நன்றாக இருட்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதே நோன்பு டிசம்பர் 30 அன்று மறுபடியும் வந்தது. அதற்கு முந்தைய இரவில், சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்ததைக் கண்டு, தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் படுக்கப் போகுமுன் ஊதி அணைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள்கள் அவர் என்னோடு பேசவில்லை. அவருடைய மகனைக் கேட்டால், "அது ஒரு சின்ன நோன்பு, பெரிதாக ஒன்றுமில்லை" என்கிறார். இது என்ன நாள்? ஒரே ஆண்டில் இரண்டு முறை எப்படி வரும்? அவரை நான் உபவாசம் இருக்க விடலாமா? நானும் அன்று சாப்பிடாமல் இருக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இறையியல் கல்லூரியில் எபிரேய வேதாகமத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன். யூத மதகுருவாகிய ரபியும் அல்லன், மருத்துவனும் அல்லன். ஆகவே நாளின் பொருளைப் பற்றி நான் தயங்காமல் சொல்லுவதையும், அந்த அம்மையாரின் உடல்நிலையைப் பற்றி அவருடைய மருத்துவர் மட்டுமே சொல்லக்கூடியதையும் நீங்கள் வேறுபடுத்தி வாசித்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு தேதிகளும் யூத நாட்காட்டியில் ஒரே நாளுக்கு உரியவை. எபிரேயத்தில் அதற்கு 'அசாரா பெ தெவேத்' என்று பெயர். தெவேத் மாதத்தின் பத்தாம் நாள் என்பது பொருள். எஸ்தரின் புத்தகத்தில் 'பத்தாம் மாதமாகிய தேபேத்' என்று நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் எழுதுகிற அதே மாதம்தான் இது. சகரியா எட்டாம் அதிகாரத்தில் நான்காம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், பத்தாம் மாதம் என்று நான்கு உபவாசங்கள் வரிசையாகச் சொல்லப்படுவதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அவற்றுள் கடைசியாகச் சொல்லப்படுவதையே அந்த அம்மையார் அனுசரிக்கிறார். மாதக் கணக்கில் கடைசியாக வந்தாலும், நடந்த நிகழ்ச்சிகளின் வரிசையில் அதுதான் முதலாவது.

சிதேக்கியா அரசாண்ட ஒன்பதாம் ஆண்டில், பத்தாம் மாதம் பத்தாம் தேதியில், பாபிலோன் அரசனாகிய நேபுகாத்நேச்சார் தன் சேனையோடு வந்து எருசலேமைச் சுற்றி வளைத்து, எதிரே கொத்தளங்களைக் கட்டினான் என்று இரண்டாம் இராஜாக்களின் கடைசி அதிகாரம் சொல்லுகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை கி.மு. 588-இன் தொடக்கத்தில் வைக்கிறார்கள். முற்றுகை ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் நீடித்தது. பிறகு நான்காம் மாதத்தில் மதில் இடிந்தது, ஐந்தாம் மாதத்தில் ஆலயம் எரிந்தது, எஞ்சியிருந்த மக்கள்மேல் அதிகாரியாக வைக்கப்பட்ட கெதலியா ஏழாம் மாதத்தில் கொலையுண்டான். சகரியா சொல்லும் மற்ற மூன்று உபவாசங்களும் இந்த மூன்றுக்கு உரியவை.

மதில் இடிந்ததற்கும் ஆலயம் எரிந்ததற்கும் துக்கம் கொண்டாடுவது எளிதில் விளங்கக்கூடியது. ஆனால் பத்தாம் தேதியன்று ஒரு கல்லும் விழவில்லை, பஞ்சமும் தொடங்கவில்லை. ஊருக்குள் களஞ்சியங்கள் நிறைந்திருந்திருக்கும், அடுப்புகள் வழக்கம்போல எரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு எதற்காக உபவாசம் என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் எரேமியாவின் 34-ஆம் அதிகாரத்தையும் 37-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுவது வழக்கம்.

முற்றுகை இறுகியபோது சிதேக்கியா அரசன் எருசலேமின் பிரபுக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தான்: ஆறு ஆண்டுகளுக்கு மேல் சகோதர எபிரேயனை அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்ற பழைய கட்டளையின்படி, எல்லோரும் தங்கள் வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் விடுதலையாக்க வேண்டும். கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து, அந்தத் துண்டுகளின் நடுவே நடந்துபோய் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; அடிமைகளும் விடுவிக்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டு வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டுச் சற்று விலகிப் போனார்கள். உடனே பிரபுக்கள் விடுதலை செய்தவர்களைத் திரும்பப் பிடித்து வந்து அடிமைகளாக்கிக்கொண்டார்கள். எரேமியா மிகவும் கோபமாகப் பேசுகிற இடங்களுள் இது ஒன்று. எகிப்தியர் திரும்பிப் போனார்கள், பாபிலோனியர் மறுபடியும் வந்தார்கள். அப்புறம் விலகவே இல்லை. காவற்கூடத்தின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியாவுக்கு அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அப்பம், நகரத்தில் அப்பமெல்லாம் தீர்ந்துபோகும்வரை, கொடுக்கப்பட்டது என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

பத்தாம் தேதியின் பொருளை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். சேனை வந்து நின்ற நாளுக்கும் அப்பம் தீர்ந்த நாளுக்கும் இடையில் அந்த ஊருக்கு நீண்ட அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் ஒரு முறை சரியானதைச் செய்தும்விட்டார்கள். நெருக்கம் சற்றுத் தளர்ந்ததும் செய்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உபவாச நாள்களின் நோக்கம் மனதைத் தட்டி எழுப்பி, முன்னோருடைய செயலையும் அதற்கு ஒத்திருக்கும் நம்முடைய செயலையும் நினைத்துத் திரும்புவதே என்று 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதேஸ் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தேதியின்மேல் யூத மரபு வைத்திருக்கும் அழுத்தத்துக்கு இன்னொரு காரணம் எசேக்கியேல். எருசலேமுக்கு வெகு தூரத்தில், முன்பே சிறைப்பட்டுப் போனவர்களோடு பாபிலோனில் இருந்த அவருக்கு, முற்றுகை தொடங்கிய அதே நாளில், 'இந்த நாளை, இதே நாளை எழுதிவை' என்று கட்டளை வருகிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அபுதர்ஹாம் என்ற அறிஞர், 'இதே நாள்' என்று வேதம் சொல்லுவதால், இந்த நோன்பு ஒருவேளை ஓய்வுநாளில் வந்தாலும் ஒத்திவைக்காமல் அன்றே நோற்க வேண்டியிருக்கும் என்று எழுதினார். இப்போதுள்ள நாட்காட்டிக் கணக்கின்படி அது ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் வருவதே இல்லை என்பதால் அந்தக் கருத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் வெள்ளிக்கிழமையில் வரும். அப்படி வரக்கூடிய பொது நோன்பு இது ஒன்றுதான். ஓய்வுநாள் தொடங்கிவிட்டாலும் இருட்டும்வரை நோன்பைத் தொடர்ந்து, பிறகு திராட்சரசத்தின்மேல் ஆசி கூறி உண்ணுவது முறை. 2025 ஜனவரியில் விளக்கை ஏற்றிய பின்னும் அந்த அம்மையார் காத்திருந்ததில் பிடிவாதம் ஏதும் இல்லை; முறைப்படிதான் நடந்துகொண்டார்.

எசேக்கியேலின் அதே 24-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில் அவருடைய மனைவி ஒரே நாளில் இறந்துபோகிறாள், அவர் அழக்கூடாது, பாதரட்சையைக் கழற்றக்கூடாது, துக்க வீட்டு அப்பத்தை உண்ணக்கூடாது என்று கட்டளை பெறுகிறார். வாய்விட்டு அழ முடியாத துக்கத்தைப் பற்றிய அந்தப் பகுதியை உங்கள் கடிதத்தின் மெழுகுவர்த்தி எனக்கு நினைவுபடுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தது பற்றி: யூத மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுபவை, பன்னிரண்டு மாதங்களுக்குச் சுமார் 354 நாள்கள். பஸ்கா பண்டிகை இளவேனிலை விட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்கு நாட்காட்டியில் அதிக மாசம் வருவது போன்ற ஏற்பாடு அது. அதனால் தெவேத் பத்து என்பது நம் கணக்கில் டிசம்பர் நடுப்பகுதிக்கும் ஜனவரிக்கும் இடையே முன்னும் பின்னும் நகரும். 2023 டிசம்பர் 22-க்குப் பிறகு அடுத்தது 2025 ஜனவரி 10 என்பதால் 2024-இல் அந்த நாளே இல்லை, 2025-இல் இரண்டு. ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை முடிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் இந்த நோன்பு வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தேதியைத் தேட வேண்டியதில்லை. தெவேத் எட்டாம் தேதி, மோசேயின் ஐந்து புத்தகங்களாகிய தோரா கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டதற்காகவும், ஒன்பதாம் தேதி எஸ்றாவின் மரணத்துக்காகவும் வருந்தும் மரபும் உண்டு. அவற்றையும் இந்தப் பத்தாம் நாளின் ஜெபங்களில் சேர்த்தே நினைக்கிறார்கள். வேதத்தை மொழிபெயர்ப்பில் மட்டுமே வாசித்து வளர்ந்த நமக்கு முதலாவது துக்கம் சற்று வியப்பாக இருக்கும்.

நோன்பு விடியலுக்கு முன் கிழக்கு வெளுக்கும் வேளையில் தொடங்கி, அன்று மாலை நட்சத்திரங்கள் தெரியும்போது முடிகிறது. இஸ்ரேலின் குளிர்காலப் பகல் குறுகியது என்பதால் காலை ஐந்தே கால் மணி அளவிலிருந்து மாலை ஐந்து மணியை ஒட்டி, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். (மெல்போர்னில் வாழும் யூதருக்கு அப்போது கோடை, அவர்கள் பாடு பதினாறு மணி நேரத்தையும் தாண்டிவிடும்.) உணவும் நீரும் மட்டுமே விலக்கு. பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூரிலும், ஆலயம் எரிந்ததற்காகத் துக்கிக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளிலும் உள்ளது போல முந்தைய மாலையிலேயே தொடங்குவது, குளிக்காதிருப்பது, தோல் காலணி அணியாதிருப்பது ஆகியவை இதற்கு இல்லை. பேருந்து ஓடும், கடை திறந்திருக்கும். இஸ்ரேலில் சமயப் பற்றில்லாத பலர் அந்த நாள் வந்து போவதையே கவனிப்பதில்லை. தொழுகைக் கூடத்தில், பொன் கன்றுக்குட்டியைச் செய்தவர்களுக்காக மோசே மன்றாடிய யாத்திராகமப் பகுதியை வாசிக்கிறார்கள். 'எங்களுக்குப் பதில் தாரும்' என்று தொடங்கும் சிறப்பு வேண்டுதலும் உண்டு.

மகன் 'சின்ன நோன்பு' என்று சொன்னது இந்தப் பொருளில் சரிதான். சமயச் சட்டத்திலும் இவை சிறு நோன்புகள் என்ற வகையில்தான் அடங்கும். பழைய ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பாகிய தால்முதிலேயே இதைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. சமாதானம் உள்ள காலத்தில் இந்த நாள்கள் மகிழ்ச்சியின் நாள்கள், அரசாங்கத்தின் ஒடுக்குமுறை உள்ள காலத்தில் நோன்பு நாள்கள், இரண்டும் இல்லாத காலத்தில் மக்கள் விரும்பினால் நோற்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று ரவ் பாப்பா என்ற ஆசிரியர் முடித்தார். சமூகங்கள் நோற்பதையே தேர்ந்துகொண்டு, பிற்காலத்தில் அது கடமையாக நிலைபெற்றது. இப்படி மக்களின் விருப்பத்தின்மேல் எழுந்த நோன்பு என்பதால், நோயாளிகளிடம் சட்டம் மிகவும் இளக்கமாக நடந்துகொள்கிறது. யோம் கிப்பூரில் உயிருக்கு ஆபத்து என்றால்தான் உண்ணலாம். சிறு நோன்பிலோ, ஆபத்து இல்லாவிட்டாலும், நோயாளி என்ற ஒன்றே போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்கூட விலக்கு உண்டு. அப்படி விலக்குப் பெற்றவர் சிறிது சிறிதாக மறைத்து உண்ண வேண்டியதில்லை. உடலுக்குத் தேவையானதை எளிமையாக உண்டு, அன்றைக்கு விருந்தைத் தவிர்த்தால் போதும் என்பது வழிகாட்டிகளின் பொதுவான அறிவுரை.

ஆகவே 86 வயதில், சர்க்கரைக்கு மருந்து உட்கொள்ளும் ஒருவர் இந்த நாளில் உண்ணுவதற்கு அவருடைய சமயமே இடம் தருகிறது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் உண்ணாமலும் குடிக்காமலும் பன்னிரண்டு மணி நேரம் இருப்பதில் என்ன ஆபத்து என்பது செவிலியராகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருந்தின் அளவையோ நேரத்தையோ அன்றைக்காக நீங்களாகவே மாற்ற வேண்டாம். ஹனுக்காவுக்கு முன்பாகவே மகனோடு பேசி, மருத்துவரிடம் எழுத்தில் அறிவுரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்த அம்மையார் மதிக்கும் ரபி ஒருவரிடம் மகன் மூலம் விஷயத்தைக் கொண்டு போங்கள். மருத்துவர் 'சாப்பிடுங்கள்' என்றால் அது அவர் காதில் பலவீனத்தின் அடையாளமாக விழலாம். ரபி 'நீங்கள் சாப்பிட வேண்டும்' என்றால் அது கட்டளையாக விழும். இந்த வேறுபாட்டைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன், யூதரிடம் மட்டுமல்ல. நம் ஊர்த் தவக்காலத்திலும் பங்குத்தந்தை சொன்ன பிறகே மருந்தோடு கஞ்சி குடித்த பாட்டிகள் உண்டு.

அவருக்குத் தெரியாமல் தேநீரில் சர்க்கரையைக் கலந்து கொடுக்கும் எண்ணம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்; ஒரு முறை கண்டுபிடித்தாரானால் அதற்குப் பின் உங்கள் கையால் எதையும் வாங்கமாட்டார். ஆனால் வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். உயிரைக் காப்பது யோம் கிப்பூரையே விலக்கும் கடமை என்பதை அவரே அறிவார்.

நீங்கள் நோன்பிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யூதரல்லாதவர்களிடம் அவர்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. அவர் நோற்பதானால் உங்கள் அறையில் உண்டுகொள்ளுங்கள், மதியத்தில் வெங்காயம் தாளிப்பதை மட்டும் ஒத்திவையுங்கள். வாழ்த்துச் சொல்ல விரும்பினால் 'ஸோம் கல்' என்று சொல்லுங்கள். நோன்பு எளிதாக இருக்கட்டும் என்பது பொருள். பண்டிகை வாழ்த்து இந்த நாளுக்கு ஆகாது.

இனி மெழுகுவர்த்தி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நான் ஊகிப்பதுதான், ஆனால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணாடிக் குவளையில் ஏறத்தாழ ஒரு முழு நாள் எரியும் அந்த மெழுகுவர்த்தி, இறந்தவரின் நினைவு நாளில் ஏற்றப்படுவது. யூத நாள் மாலையில் தொடங்குவதால், நோன்பு விடியலில் தொடங்கினாலும் மெழுகுவர்த்தியை முந்தைய மாலையிலேயே ஏற்றுகிறார்கள். வழக்கமாக அவரவர் இறந்த தேதியில்தான் ஏற்றுவார்கள். ஆனால் ஐரோப்பாவில் நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களில் மிகப் பலருக்கு இறந்த தேதியும் தெரியாது, புதைத்த இடமும் கிடையாது. இஸ்ரேல் நாடு உருவான பிறகு, அந்நாட்டின் தலைமை ரபி மன்றம் தெவேத் பத்தாம் நாளையே அப்படிப்பட்டவர்களுக்கான பொதுக் கதீஷ் நாளாக வகுத்தது. கதீஷ் என்பது இறந்தவருக்காகப் பிள்ளைகளும் உறவினரும் பத்துப் பேர் கூடிய சபையில் சொல்லும் அரமேய மொழி ஜெபம். அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது, கடவுளின் துதி மட்டுமே. திதி தெரியாதவர்களுக்கு நம் ஊரில் மகாளய அமாவாசையன்று தர்ப்பணம் செய்வதை நினைத்துக்கொண்டால் உங்களுக்கு இது உடனே விளங்கும். நாடு முழுவதும் சங்கு ஒலித்து நிற்கும் நினைவு நாள் நிசான் மாதத்தில் தனியே இருந்தாலும், சமயப் பற்றுள்ள குடும்பங்கள் பல இந்த நாளையும் விடாமல் வைத்திருக்கின்றன.

அந்த அம்மையாருக்கு இப்போது 86 வயது என்றால் போர்க்காலத்தில் அவர் சிறு குழந்தை. அன்று எரிந்த மெழுகுவர்த்தி யாருக்காக என்று எனக்குத் தெரியாது. தேதி தெரியாத ஒருவருக்காக என்றால், ஆண்டில் அவருக்கென்று எரிவது அது ஒன்றாகவே இருக்கலாம். நீங்கள் தீக்குப் பயந்து அணைத்தீர்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதும் உங்களுக்கு இப்போது தெரிகிறது. மகனை வைத்துச் சமாதானம் பேச வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த எபிரேயத்தில், அது என்னவென்று அறியாமல் அணைத்துவிட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள். அது யாருக்கு என்று ஒரு முறை கேட்கலாம். பெயரைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

அடுத்த தெவேத் பத்தாம் நாள் 2026 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய மாலை சனிக்கிழமை. ஓய்வுநாள் முடியும்வரை நெருப்பு மூட்டுவதில்லை என்பதால், நட்சத்திரங்கள் தெரிந்த பின்னரே அவர் ஏற்றுவார். தட்டு எதுவும் வைக்காமல், பாத்திரம் கழுவும் உலோகத் தொட்டியைக் காலிசெய்து துடைத்து, குவளையை அதற்குள் வைத்துவிடுங்கள். அந்த ஊரிலும் பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். திரைச்சீலையைக் கட்டிவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். ஞாயிறு மாலை, அவர் உண்ண உட்காரும் வேளையிலும் அது எரிந்துகொண்டிருக்கும்.